சம்பந்தி வீடு சைவமா?

கேள்வி: நாங்கள் திருநெல்வேலிப் பக்கம், பரம்பரைச் சைவம். மும்பை மாட்டுங்காவுக்கு வந்து 24 வருஷம் ஆகிறது. மகன் தன்னோடு வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறான். கோவாவைச் சேர்ந்த கொங்கணிக் குடும்பம், சாரஸ்வத் பிராமணர்கள். நல்ல மனிதர்கள். பேச்சுவாக்கில் பெண்ணின் அம்மா, "நாங்களும் வெஜிடேரியன்தான், மீன் மட்டும் சாப்பிடுவோம்" என்றார். "இது பொய்தானே" என்று என் கணவர் குமைகிறார். மகனோ, "மீனையும் ஒரு காய் மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள்" என்கிறான். ஊரில் நாத்தனார் கேட்டால் சம்பந்தி வீடு சைவம் என்று சொல்லிவிடலாமா? 82 வயது மாமியாரும் எங்களோடுதான் இருக்கிறார்.
- பெயர் வேண்டாம், மாட்டுங்கா

பதில்:

அன்புச் சகோதரிக்கு,

சொல்லக் கூடாது. மீன் சாப்பிடுகிறவர்களைச் சைவம் என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த அம்மா பொய் சொன்னார் என்று உங்கள் கணவர் நினைப்பதும் தவறு. இரண்டையும் விளக்குகிறேன்.

நான் செம்பூரில் வளர்ந்தவள். எதிர்வீட்டில் ஒரு கொங்கணி மாமி இருந்தார். காலையில் மீன்காரக் கோலிப் பெண் கூடையோடு படியேறி வந்தால் முதலில் நிற்பது அந்த வாசலில்தான். நம்மூரில் அயிலை என்பதை அவர் பாங்டா என்பார். வஞ்சிரத்தைச் சுர்மை என்பார். திங்கட்கிழமையானால் மட்டும் கூடை நேரே மாடிக்குப் போய்விடும். "இன்று ஷிவராக்" என்பார் மாமி. கோவா கொங்கணியில் சைவச் சாப்பாட்டுக்கு அதுதான் பெயர். ஆடி அமாவாசை கழிந்து ஷ்ராவண மாதம் பிறந்தால் அந்த மாதம் முழுக்க மீன் கிடையாது. பிள்ளையார் சதுர்த்திக்கும் கிடையாது. மீனும் ஒரு காய்தான் என்று அவர்களே நம்பியிருந்தால் திங்கட்கிழமை அதை எதற்காக ஒதுக்க வேண்டும்? இதை உங்கள் மகனிடம் கேளுங்கள்.

அவர்கள் மீன் சாப்பிடுவதற்கு மகாபாரதத்திலேயே ஒரு கதை உண்டு. 12 வருஷப் பஞ்சத்தில் சாரஸ்வத முனிவருக்கு, அவர் தாயான சரஸ்வதி நதி மீன் கொடுத்து உயிர் காத்தாளாம். அந்தக் கதையிலும் மீன் மீனாகத்தான் இருக்கிறது.

வங்காளிகளை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே பிராமணர் வீட்டிலும் மீன் இல்லாமல் விருந்து இல்லை. ஆனால் நிராமிஷ் என்று அவர்கள் சொல்லும் சைவச் சாப்பாட்டில் மீனுக்கு இடமில்லை. கணவனை இழந்த பெண்கள் மீனை விட்டுவிட வேண்டும் என்று தலைமுறை தலைமுறையாக அங்கே வற்புறுத்தினார்கள். மீனைச் சைவமாக எண்ணியிருந்தால் அந்தக் கொடுமையே நடந்திருக்காது.

நம் தமிழிலும் அப்படித்தான். சங்கப் பாடல்களில் கடற்கரைப் பெண் தன் மேல் வீசும் மீன் வாடையைப் 'புலவு' என்கிறாள். புலால் என்ற சொல்லுக்கு அகராதியில் மீன் என்ற பொருளும் உண்டு. ஆக, வள்ளுவர் மறுக்கச் சொன்ன புலாலில் மீனும் அடக்கம்.

அப்படியானால் அந்த அம்மா ஏன் வெஜிடேரியன் என்றார்? நம்மிலேயே எத்தனை பேர் "கறி சாப்பிட மாட்டேன், மீன் சாப்பிடுவேன்" என்கிறார்கள்! பேச்சுத் தமிழில் கறி என்றால் ஆட்டுக்கறி, மிஞ்சினால் கோழிக்கறி. மீன் அதில் சேராது. அந்த அம்மா சொல்ல வந்ததும் இதைத்தான் என்று நினைக்கிறேன். ஆங்கிலச் சொல்லைப் போட்டதும் அர்த்தம் மாறிவிட்டது. அதோடு, மும்பையில் நான்வெஜ் என்ற சொல்லைச் சொல்ல ஒரு பயம் உண்டு. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் பல அடுக்குமாடிக் குடியிருப்புச் சொசைட்டிகளில் முதல் கேள்வியே அதுதான். உங்களுக்கும் இது தெரியாததல்ல. பாருங்கள், மீன் சாப்பிடுவதை அவர் மறைக்கவில்லை. அதே வாக்கியத்திலேயே சொல்லிவிட்டார். பொய் சொல்ல நினைக்கிறவர் அப்படிச் சொல்வாரா?

ஆங்கிலத்திலும் இறைச்சியை விட்டு மீன் மட்டும் சாப்பிடுகிறவர்களுக்குத் தனிச் சொல் இருக்கிறது: பெஸ்கடேரியன். 1847-ல் இங்கிலாந்தில் தொடங்கிய வெஜிடேரியன் சொசைட்டி மீனைச் சைவத்தில் சேர்ப்பதில்லை. நம் நாட்டு உணவு லேபிள் விதிகளும் நன்னீரில் வாழ்வது, கடலில் வாழ்வது, முட்டை எல்லாவற்றையும் அசைவம் என்றே சொல்கின்றன. பால், பால் பொருட்கள், தேன் போன்றவைதான் விதிவிலக்கு. மீன் ஊறுகாய் பாட்டிலில் பச்சைப் புள்ளி இருக்காது.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு கண்டிப்பா என்று தோன்றலாம். எனக்கு ஒரு அனுபவம் உண்டு. "வெஜிடேரியன், ஆனால் மீன் பரவாயில்லை" என்று சொல்லும் தோழி எனக்கு இருந்தாள். அந்தப் பழக்கத்தில், வெஜிடேரியன் என்று சொன்ன இன்னொரு பெண்ணுக்கும் கடையில் வாங்கிய விழுதைப் போட்டுத் தாய்லாந்துக் குழம்பு வைத்தேன். அவள் பாதி சாப்பிட்ட பிறகுதான் பாட்டிலைத் திருப்பிப் பார்த்தேன். அதில் இறால் விழுது இருந்தது. பிறந்ததிலிருந்து புலால் தொடாத பெண். ஒரு வார்த்தை திட்டவில்லை, கையைக் கழுவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அந்த முகம் இன்னும் என்னை விட்டுப் போகவில்லை. சைவம் என்ற சொல்லை நம்பித்தான் அவளைப் போன்றவர்கள் வெளியில் சாப்பிடுகிறார்கள். உங்கள் மாமியாரும் அப்படித்தான். அந்தச் சொல்லை நாம் தளர்த்தினால் அவர் எதை நம்பிக் கை நனைப்பார்?

எனவே நாத்தனாரிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "அவர்கள் மீன் சாப்பிடுவார்கள், நல்ல மனிதர்கள்" என்றால் போதும். இன்றைக்கு மூடி மறைத்து, கல்யாணத்துக்கு வந்த இடத்தில் யாராவது கேட்டுத் தெரிந்துகொண்டால், தலைகுனிவு அந்தப் பெண்ணுக்குத்தான் வரும். மருமகளாக வருகிறவளை மீனை விடச் சொல்லாதீர்கள். அவள் பிறந்து வளர்ந்த சாப்பாடு அது. உங்கள் வீட்டுச் சமையலறைக்கு மீன் வர வேண்டாம் என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. அவர்கள் தனிக்குடித்தனம் போனால் அங்கே உங்களுக்கென்று நாலு பாத்திரம் தனியாக வைக்கச் சொல்லலாம். இதையெல்லாம் கல்யாணத்துக்கு முன்னாலேயே, மகன் மூலமாகச் சொல்லி அனுப்பாமல், அந்த அம்மாவிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள்.

அந்தப் பேச்சை ஒரு திங்கட்கிழமை, அவர்கள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். ஷிவராக் சமையல் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பெருங்காயம் மணக்கும் தாளி தோய் என்ற பருப்பு, காய்களும் தேங்காயும் போட்ட கத்கதே, கோக்கம் என்ற புளிப்புப் பழம் ஊறிய சோல் கடி. அந்தக் கத்கதேயில் வெங்காயம்கூட இருக்காது. மாமியாரையும் அழைத்துக்கொண்டு போங்கள்.