காலியா ஓடுற லோடு வண்டி: பிக்கப் டிரக் பத்தி வாசகர் கேள்விகள்

போன மாசம் இந்தப் பக்கத்துல அமெரிக்கா போயிட்டு வந்ததைப் பத்தி ரெண்டு வரி எழுதியிருந்தேன், டெக்சஸ்ல எந்தப் பக்கம் திரும்பினாலும் பிக்கப் டிரக்தான்னு. அதுக்கு இவ்ளோ கடிதம் வரும்னு எதிர்பாக்கல. அதனால இந்த மாசம் முழுசா அதுக்கே ஒதுக்கிட்டேன்.

கேள்வி: டாலஸ் பக்கத்துல பையன் வீட்ல ஆறு மாசம் இருந்தேன் சார். வீட்டுக்கு வீடு லாரி மாதிரி ஒரு வண்டி நிக்குது. ஓட்றவங்க எல்லாம் ஆபீஸ் போறவங்க. பின்னாடி ஒரு மூட்டை ஏத்தி நான் பாத்ததே இல்ல. அப்புறம் எதுக்கு இவ்ளோ பெரிய வண்டி?
(திருநெல்வேலி வாசகி)

அம்மா, நீங்க கவனிச்சது ரொம்ப சரி. அங்க எடுத்த ஒரு மார்க்கெட் சர்வே கணக்குப்படி பிக்கப் வச்சிருக்கிறவங்கள்ல நூத்துக்கு 35 பேர் வருஷத்துக்கு ஒரு தடவை லோடு ஏத்தினா பெருசு. டிரெய்லர் இழுக்கிறதும் அப்படித்தான், முக்கால்வாசிப் பேர் வருஷத்துக்கு ஒரு தடவையோ, அதுகூட இல்லாமலோ.

ஆனா இந்த வண்டி பொறந்தது இதுக்கு இல்லம்மா. அமெரிக்க விவசாயிங்க ஃபோர்டு மாடல் டி காரை வாங்கி பின்பக்கத்துல தானே பலகை அடிச்சு பெட்டி கட்டி, பால் கேன், தீவனம், வேலிக்கம்பின்னு எல்லாத்தையும் ஏத்திட்டு போயிட்டு இருந்தாங்க. அதைப் பாத்துத்தான் 1925ல ஃபோர்டு கம்பெனியே ஃபேக்டரியில பெட்டி வச்ச வண்டியை இறக்குச்சு. விலை 281 டாலர், என்ஜின் 20 குதிரைத்திறன், பெட்டி நீளம் 56 இஞ்ச். அப்புறம் 1948ல எஃப்-1னு ஒண்ணு வந்துச்சு, முன்னாடி ஒரே ஒரு பெஞ்ச் சீட்டு, பின்னாடி ஆறரை அடிக்கு லோடு பாடி, அவ்ளோதான். சேறு பட்டா ஹோஸ் பைப் புடிச்சு கழுவி விடுற வண்டி. அதை வாசல்ல நிறுத்திட்டு யாரும் பெருமை பேசல, காலையில எடுத்தா சாயங்காலம் வரைக்கும் அது வேலை செஞ்சுது.

எங்க மாறுச்சுன்னு கேட்டா நான் சட்டத்தைத்தான் முதல்ல சொல்லுவேன். ஜனங்க ஆசை எல்லாம் அப்புறம்தான். 1970கள்ல காருக்கு புகைக் கட்டுப்பாடு வந்துச்சு, அதுல மொத்த எடை (வண்டியும் அது ஏத்தக்கூடிய லோடும் சேத்து) 6,000 பவுண்டு, அதாவது நம்ம கணக்குல சுமார் 2,720 கிலோ, அதுக்கு மேல போற டிரக்குக்கு விதி தளர்வா இருந்துச்சு. உடனே ஃபோர்டு 1975ல அந்தக் கோட்டைக் கொஞ்சமே தாண்டுற மாதிரி ஒரு வண்டி இறக்குனாங்க, அதுதான் இன்னிக்கு உலகமே பேசுற எஃப்-150.

அதே 1975ல இன்னொரு சட்டம். 1973 எண்ணெய் நெருக்கடியில பெட்ரோல் பங்க்ல மைல் கணக்கா வரிசை நின்ன பயத்துல, ஒரு கம்பெனி விக்கிற வண்டிங்க சராசரியா இவ்ளோ மைலேஜ் குடுத்தே ஆகணும்னு கொண்டு வந்தாங்க. நல்ல சட்டம்தான். ஆனா டிரக்னா உழைக்கிறவன் வண்டி, அவன் வயித்துல அடிக்கக் கூடாதுன்னு டிரக்குக்கு மட்டும் தனி கணக்கு போட்டாங்க. காருக்கு 1985ல நம்ம கணக்குல லிட்டருக்கு கிட்டத்தட்ட 11.7 கிலோமீட்டர் கேட்டாங்க. டிரக்குக்கு 1996லருந்து 2004 வரைக்கும் 8.8ஐ ஒட்டியே நின்னுச்சு. உழைக்கிறவனுக்காக திறந்து விட்ட அந்தக் கதவுல மொத்த ஆட்டோ கம்பெனியும் உள்ள புகுந்துடுச்சும்மா. கார் செஞ்சா கஷ்டம், டிரக் செஞ்சா லாபம், யாரா இருந்தாலும் எதைச் செய்வாங்க? 2018ல ஃபோர்டு வட அமெரிக்காவுல மஸ்டாங் தவிர செடான் காரெல்லாம் மெல்ல நிறுத்தப் போறோம்னு வெளிப்படையாவே அறிவிச்சாங்க.

அப்புறம் நடந்ததுதான் எனக்கு இன்னமும் மனசு ஆறாத விஷயம். மைலேஜ் விதியைத் திருத்தி, நாலு சக்கரத்துக்கு நடுவுல இருக்கிற பரப்பளவை அளந்து அதுக்கு ஏத்த மாதிரி இலக்கு வைக்கிறோம்னு கொண்டு வந்தாங்க. பரப்பளவு கூடுனா கேக்குற மைலேஜ் கம்மி. அப்ப சின்ன டிரக் செய்யறவன்தான் கஷ்டப்படணும். ரேஞ்சர்னு ஃபோர்டுல ஒரு சின்ன பிக்கப் இருந்துச்சு, பூச்சி மருந்து அடிக்கிறவங்க, தோட்ட வேலை செய்யறவங்கன்னு எல்லாரும் ஓட்டுனது, 2011 கடைசியில அமெரிக்காவுல அதை நிறுத்திட்டாங்க. 2019ல அதே பேர்ல திரும்ப வந்துச்சு, வரும்போதே உடம்பு பெருத்துத்தான் வந்துச்சு. நிறுத்துனதுக்கு விதி மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன், பெரிய வண்டியில வர்ற லாபமும் சேந்துதான். ஆனா விதி சின்ன வண்டி பக்கம் இல்லைங்கறது நிச்சயம்.

இன்னொண்ணு வருமான வரி. சொந்தத் தொழில் பண்றவங்க மொத்த எடை 6,000 பவுண்டுக்கு மேல இருக்கிற வண்டியை வாங்கி பாதிக்கு மேல தொழிலுக்கு ஓட்டுறேன்னு காட்டினா, வாங்கின வருஷமே பெரிய தொகையைக் கழிச்சுக்கலாம். எஸ்யூவிக்கு ஒரு உச்சவரம்பு உண்டு, ஆறு அடி பாடி வச்ச பிக்கப்புக்கு அந்த உச்சவரம்பும் கிடையாது. பல் டாக்டரும் வீட்டு புரோக்கரும் பெரிய டிரக் வாங்குறதுக்கு இதுவும் ஒரு காரணம்.

இதுக்கு மேலதான் பந்தா வருது. 1994ல டாட்ஜ் ராம்னு ஒரு வண்டி, ஹைவேல போற பெரிய டிரெய்லர் லாரி மூஞ்சி மாதிரியே முன்பக்கத்தைச் செஞ்சு விட்டாங்க, வியாபாரம் பிச்சுக்கிட்டு போச்சு. அதுலருந்து ஒவ்வொரு கம்பெனியும் கிரில்லை உயர்த்திக்கிட்டே போறாங்க. 2001 மாடல்ல ஃபோர்டு நாலு முழுக் கதவு வச்ச எஃப்-150 குடுத்தாங்க, கூடவே டெக்சஸ்ல இருக்கிற கிங் ராஞ்ச்ங்கற பெரிய மாட்டுப்பண்ணை பேர்ல தோல் சீட்டு வச்ச ஒரு மாடலும் வந்துச்சு. மாடு மேய்க்கிறவன் வண்டியோட பேரு, உக்காந்தா சொகுசு பங்களா. இன்னிக்கு அங்க ஒரு புது பெரிய பிக்கப் சராசரி விலை 60,000 டாலருக்கு மேல போயிடுச்சு, ஏழு வருஷம் வரைக்கும் லோன் கட்டி வாங்குறாங்க.

நான் நேர்ல பாத்ததை ஒண்ணு சொல்றேன். டெக்சஸ்ல ஒரு பெரிய ஹார்டுவேர் கடை பார்க்கிங்ல நின்னுட்டு இருந்தேன். பளபளன்னு ஒரு புது டிரக், பின்னாடி பாடியில ஒரு கீறல் இல்ல, அதுல பழைய போர்வையை விரிச்சு அதுக்கு மேல ஒரே ஒரு மண் மூட்டையை ஏதோ பாப்பாவைப் படுக்க வைக்கிற மாதிரி வச்சாரு ஓனர். ரெண்டு வண்டி தள்ளி ஒரு பழைய சின்ன பிக்கப், பெயின்ட் உரிஞ்சு போய், பின்கதவு கயித்துல கட்டியிருக்கு, ரெண்டு புல்வெட்டு மெஷின், மண்வெட்டி, ஏணி, பெட்ரோல் கேன் எல்லாம் அதுக்குள்ள. தோட்ட வேலை செய்யற மெக்சிகோக்காரர் ஒருத்தரோடது. பேச்சு குடுத்தேன். இந்த வண்டியில பக்கவாட்டுல நின்னே கையை விட்டு மெஷினைத் தூக்கிடலாம், புது வண்டியில ஏணி போட்டுத்தான் ஏறணும், இது போயிடுச்சுன்னா இதே மாதிரி இன்னொண்ணு வாங்க எனக்கு கடையே இல்லன்னு சொன்னாரு. வண்டியோட பக்கப் பலகையைத் தடவிக்கிட்டே சொன்னாரும்மா.

கேள்வி: நான் பொள்ளாச்சியில குட்டி யானை ஓட்டுறேன் சார், தேங்காய் லோடு. அந்த ஊரு பிக்கப்புல என் வண்டியை விட எவ்ளோ அதிகம் ஏத்தலாம்?
(பொள்ளாச்சி வாசகர்)

அண்ணே, உங்க வண்டியோட மொத்த நீளமே 3.8 மீட்டர்தான், அதுல லோடு பாடி மட்டும் ஏழு அடிக்கு மேல இருக்கு. அங்க குடும்பஸ்தங்க ரொம்ப வாங்குற நாலு கதவு எஃப்-150, மொத்த நீளம் கிட்டத்தட்ட 5.9 மீட்டர், லோடு பாடி அஞ்சரை அடி. உங்க வண்டியை விட ரெண்டு மீட்டர் கூடுதல் நீளம், ஆனா பாடி உங்களோடதை விட ஒன்றரை அடிக்கு மேல குட்டை. எடையைப் பொறுத்தவரைக்கும் மாடலுக்கு மாடல் மாறும், நிறைய பேர் வாங்குற சொகுசு மாடல்கள் ஏத்துறது முக்கால் டன்னைச் சுத்தித்தான் வரும். உங்க 2005 காலத்து குட்டி யானையும் முக்கால் டன்தான், அதுவும் 700 சிசி ரெண்டு சிலிண்டர் டீசல்ல. அவங்களோடது 400 குதிரைத்திறனையும் தாண்டிப் போகுது.

அந்தப் பழைய எஃப்-150ல கேபினும் பாடியும் சேந்த நீளத்துல மூணுல ரெண்டு பங்கு லோடு பாடி, ஒரு பங்கு கேபின். இப்ப அது தலைகீழ். எடம் எங்க போச்சுன்னு இப்ப உங்களுக்கே புரிஞ்சிருக்கும்.

நியாயமா இன்னொண்ணும் சொல்லணும். இழுவையில அதுக்குக் கிட்ட யாரும் வர முடியாது, சரியான மாடல்னா ஆறு டன் வரைக்கும் டிரெய்லர் இழுக்கும். குதிரை வளக்கிறவங்க, படகு வச்சிருக்கிறவங்க, புல்டோசர் ஏத்திட்டுப் போற கான்ட்ராக்டருங்க, இவங்களுக்கெல்லாம் அது உண்மையாவே வேணும். கிராமத்துல ஒரே வண்டி வச்சு பிள்ளைங்களை ஸ்கூல்ல விட்டு வர்ற வழியில தீவன மூட்டையும் ஏத்துற குடும்பத்துக்கு நாலு கதவு பிக்கப் வரப்பிரசாதம். அவங்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்.

கேள்வி: அமெரிக்காவுல வெளிநாட்டு சின்ன பிக்கப் வராததுக்குக் காரணம் கோழின்னு ஒரு நண்பர் சொல்றார். கதை விடுறாரா?
(மதுரை வாசகர்)

இல்ல, நிஜம்தான். 1960கள் ஆரம்பத்துல அமெரிக்காவுலருந்து மலிவான பிராய்லர் கோழி ஐரோப்பாவுல வந்து குவிஞ்சுது, மேற்கு ஜெர்மனியும் பிரான்ஸும் உள்ள பொதுச்சந்தை நாடுங்க அதுக்கு வரி ஏத்துனாங்க. பதிலடியா 1963 டிசம்பர்ல ஜனாதிபதி லிண்டன் ஜான்சன் நாலு பொருளுக்கு வரியை ஏத்துனாரு: உருளைக்கிழங்கு மாவு, டெக்ஸ்ட்ரின் (மாவுலருந்து எடுக்கிற பசைப் பொருள்), பிராந்தி, அப்புறம் லைட் டிரக், அதாவது பிக்கப் மாதிரி சின்ன சரக்கு வண்டி. டிரக்குக்கு 25 சதவீதம். மத்த மூணுக்கும் காலப்போக்குல அந்த வரி போயிடுச்சு. டிரக்குக்கு மட்டும் 60 வருஷம் தாண்டியும் நின்னுடுச்சு, அதனாலதான் அதுக்கு கோழி வரின்னே பேரு.

தப்பிக்க என்னென்னமோ பண்ணிப் பாத்தாங்க. சுபாரு பிராட்டுன்னு ஒரு குட்டி பிக்கப், பின்னாடி திறந்த பாடியில ரெண்டு பிளாஸ்டிக் சீட்டைப் பொருத்தி இது பயணிகள் வண்டின்னு சொல்லி இறக்குனாங்க, ஜனாதிபதியா இருந்த ரொனால்ட் ரீகன் பண்ணையில கூட ஒண்ணு இருந்துச்சு. வரியால காப்பாத்தப்பட்ட ஃபோர்டே துருக்கியில செஞ்ச சரக்கு வேனை பின் சீட்டோட கொண்டு வந்து, துறைமுகத்துல இறக்குனதும் சீட்டைக் கழட்டினாங்க, அந்த விவகாரம் 2024ல அரசுக்கு 365 மில்லியன் டாலர் கட்டி முடிஞ்சுது. போட்டிக்கு வெளியிலருந்து ஆள் வர முடியாம வேலி போட்டா, உள்ள இருக்கிறவன் ஏன் சின்னதா மலிவா செய்யப் போறான்?

கேள்வி: சின்ன பிக்கப் திரும்ப வருமா?
(சேலம் வாசகர்)

ஆசைப்படுறவங்க இருக்காங்க, அது மட்டும் நிச்சயம். ஃபோர்டு மேவரிக்னு ஒண்ணு 2022 மாடலா ஹைபிரிட் என்ஜினோட 20,000 டாலரை ஒட்டி வந்துச்சு, புக்கிங்கை நிறுத்தி வைக்கிற அளவுக்குக் கூட்டம். அதுவும் அஞ்சு மீட்டர் நீளம், ஆனாலும் ஒரு ஆறுதல். சில விவசாயிங்க ஜப்பான்லருந்து 25 வருஷம் பழசான கெய் டிரக்குங்கற குட்டி லோடு வண்டியை இறக்குமதி பண்ணி ஓட்டுறாங்க, 660 சிசி, 3.4 மீட்டர் நீளம், பாடி ஆறு அடிக்கு மேல. 25 வருஷம் ஆனாத்தான் பாதுகாப்பு விதியிலருந்து விலக்கு கிடைக்கும், அதுக்கப்புறமும் சில மாநிலங்கள் ரோட்ல ஓட்ட பதிவு குடுக்க மாட்டேங்குது.

கேள்வி: ஹூஸ்டன்ல இருக்கோம் அண்ணா. வீட்டுக்காரருக்கு பெரிய டிரக் வாங்கணும்னு ஒரே ஆசை, உயரமா உக்காந்தா சேஃப்டின்னு சொல்றார். பொண்ணுக்கு நாலு வயசு. என்ன சொல்றீங்க?
(ஹூஸ்டன் வாசகி)

தங்கச்சி, உள்ள உக்காந்திருக்கிறவங்களுக்கு சேஃப்டின்னு அவர் சொல்றதுல உண்மை இருக்கு. எனக்குக் கவலை வெளிய நிக்கிறவங்களைப் பத்தி. அமெரிக்காவுல ரோட்ல நடந்து போய் வண்டி மோதி செத்தவங்க 2009ல 4,100 பேர் சுமார், 2022ல 7,500. எல்லாம் டிரக்கால இல்ல, ரோடு, வேகம், போன்னு நிறைய காரணம் இருக்கு. ஆனா அங்க இருக்கிற இன்ஷூரன்ஸ் கம்பெனிகளோட ஹைவே பாதுகாப்பு நிறுவனம் கிட்டத்தட்ட 18,000 விபத்தை அலசி 2023ல சொன்னது என்னன்னா, பானெட் 40 இஞ்சுக்கு மேல உயரமா இருந்தா, 30 இஞ்சும் அதுக்குக் கீழயும் சரிவா இருக்கிற வண்டியை விட மோதப்பட்டவர் சாகுற வாய்ப்பு சுமார் 45 சதவீதம் அதிகம். தாழ்ந்த கார் கால்ல அடிச்சு பானெட் மேல சாய்க்கும், உயரமான டிரக் நெஞ்சுலயும் தலையிலயும் அடிச்சு கீழ தள்ளும்.

நாலு வயசுப் பிள்ளையோட சராசரி உயரமே 40 இஞ்சுதான்மா. அதே கோடு. பின்னாடி கேமரா 2018லருந்து அங்க கட்டாயம், முன்னாடி பாக்க அப்படி எந்தக் கட்டாயமும் இல்ல. டிரைவ்வேல மெதுவா வண்டியை முன்னால எடுக்கும்போது சொந்தப் பிள்ளையையே ஏத்திடுற விபத்து அங்க நடந்துட்டுதான் இருக்கு, எழுதவே கை வரல.

வீட்டுக்காரர்கிட்ட சண்டை போடாதீங்க. ஷோரூமுக்கு மூணு பேரும் போங்க. என்ஜின் ஆஃப்ல இருக்கட்டும், சாவி உங்க கையில இருக்கட்டும், அவரை டிரைவர் சீட்ல உக்கார வச்சுட்டு நீங்க பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டு பம்பருக்கு முன்னாடி நில்லுங்க. அங்கருந்து ஒவ்வொரு அடியா ரெண்டு பேரும் வண்டியை விட்டுத் தள்ளிப் போங்க, எத்தனாவது அடியில பொண்ணோட தலை தெரியுதுன்னு அவரையே எண்ணச் சொல்லுங்க.