பாரா தடகள (மாற்றுத்திறனாளிகள் தடகள) வர்ணனையில் 'டி63' என்கிறார்களே, அது என்ன?

பாலக்காட்டுக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓணத்துக்கு வடம்வலி, அதாவது கயிறு இழுக்கும் போட்டி, பார்த்திருப்பீர்கள். கயிற்றைத் தொடுமுன் ஏழு பேரையும் தராசில் ஏற்றுவார்கள்; மொத்த எடை வரம்பைத் தாண்டினால் ஆட்டமில்லை. அதற்காகவே சாயங்கால டீயைக்கூடத் தொடாமல் சட்டையைக் கழற்றிவிட்டு ஏறி நிற்பார்கள் நம் பையன்கள். டி63 அந்தத் தராசு மாதிரிதான். உடல்நிலையில் ஏறக்குறைய ஒத்தவர்களை மோதவிட்டால்தான் பயிற்சியும் திறமையும் ஜெயிக்கும்.

'டி' என்றால் ஓட்டமும் தாண்டுதலும்; எறிதலுக்கு 'எஃப்'. முதல் இலக்கம் குறைபாட்டின் வகை: 1 பார்வை, 6 செயற்கைக் கால். அடுத்த இலக்கம் குறையக் குறைய பாதிப்பு அதிகம். டி11 ஓட்டக்காரர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டுதான் ஓட வேண்டும், துளி வெளிச்சம் தெரிந்தாலும் அநியாயமாகிவிடும் என்பதால்.

பாரிஸ் 2024 பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் 1.85 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்ற சேலத்து மாரியப்பன் தங்கவேலு செயற்கைக் கால் போடுவதில்லை, அவர் டி42. டி42, டி63 இரண்டு பிரிவையும் சேர்த்து நடத்துவதால் வர்ணனையாளர் டி63 என்கிறார். இதைப் பாதிப் பேர் விளக்குவதே இல்லை.

63 என்பது 63 சதவீத ஊனமல்ல. அடையாள அட்டையில் டாக்டர் எழுதும் சதவீதம் வேறு கணக்கு.