நூலேணியில் ஏறியவர் யார்?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: பத்தாம் வகுப்புத் தேர்வு முடிந்ததும் அப்பா எங்களைச் சென்னைத் துறைமுகத்திலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் இரண்டு இரவுப் பயணத்துக்கு அழைத்துச் சென்றார். ஜன்னல் இல்லாத சிறிய அறையில் அப்பா, அம்மா, தம்பி, நான் என நான்கு பேர் தங்கினோம். முதல் நாள் மாலையே தலைசுற்றலும் வாந்தியும் தொடங்கி, மறுநாள் மதியம் வரை படுக்கையிலேயே கிடந்தேன். கைப்பேசியில் சிக்னல் இல்லை. சிறுவர் விளையாட்டு அறையில் தம்பி வயதுப் பிள்ளைகள்தான் இருந்தார்கள்; பெரியவர்களின் ஆட்டம் பாட்டத்தில் எனக்கு இடமில்லை. கடைசி நாள் விடியற்காலையில் யாரையும் எழுப்பாமல் மேல்தளத்துக்குப் போனேன். கப்பல் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு சிறிய படகு அதன் பக்கத்தில் ஒட்டி வர, அதிலிருந்து ஒருவர் நூலேணியைப் பிடித்து ஏறினார். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த நேரம் அது ஒன்றுதான். திரும்பி வந்தால் அறை வாசலில் அம்மா அழுதுகொண்டு நின்றார். எல்லோர் முன்னாலும் திட்டினார். "இவ்வளவு செலவு செய்து கூட்டிப்போனதற்கு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய்" என்று இன்றும் சொல்கிறார். தவறு என்மேல்தானா? வீட்டுக்கு வந்த பிறகும் தரை ஆடுவதுபோல் இருந்தது ஏன்? ஏறியவர் யார்?
– பதினைந்து வயது வாசகி, சென்னை

பதில்: அன்பு மகளே, நீ மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கவில்லை, உனக்கு உடம்பு சரியில்லை. இதை உன் அம்மாவும் படிக்க வேண்டும் என்பதற்காகவே முதலில் எழுதுகிறேன். நம் உட்காதில் உடலின் அசைவை உணரும் உறுப்பு இருக்கிறது. ஜன்னல் இல்லாத அறையில் கண்ணுக்குத் தெரிவது அசையாத சுவர். காதோ கப்பல் ஆடுகிறது என்கிறது. இரண்டும் முரண்படும்போதுதான் குமட்டல் வருகிறது. அப்படி வந்தவள் அதே அறையில், அதுவும் சிக்னல் வருகிறதா என்று கைப்பேசித் திரையை உற்றுப் பார்த்தபடி படுத்திருந்தால் தொல்லை கூடத்தான் செய்யும். காற்றோட்டமான தளத்துக்குப் போய், கடலும் வானும் சேரும் கோட்டில் கண்ணை வைத்திருந்தால் பாதி சரியாகியிருக்கும். கப்பலின் நடுப்பகுதியில், தாழ்ந்த தளத்தில் ஆட்டம் குறைவு என்பதால் அறை எடுக்கும்போதே அதைக் கேட்டு வாங்கலாம். மருத்துவரைக் கேட்டு மாத்திரை போடுவதானால் புறப்படும் முன்பே போட வேண்டும். வாந்தி தொடங்கிய பிறகு அதனால் பெரிய பயன் இருக்காது.

பெரும்பாலானவர்களுக்கு இரண்டு மூன்று நாளில் கடல் பழகிவிடும். உங்கள் பயணமோ இரண்டே இரவுகள். உன் உடம்பு கடலுக்குப் பழகி முடிந்த வேளையில் கப்பல் கரைக்கு வந்துவிட்டது. தரை ஆடியதற்கும் அதுவே காரணம்: ஆட்டத்துக்குப் பழகிய மூளை, ஆடாத தரைக்கு மறுபடி பழக வேண்டியிருந்தது. ஓரிரு நாளில் இது தானாகவே நின்றுவிடும். வாரக்கணக்கில் நீடித்தால் மட்டும் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இனி அந்த விடியற்காலைக்கு வருவோம். சொல்லாமல் போனது தவறு என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நாலா பக்கமும் இருண்ட கடல், மகளின் படுக்கை காலி, கூப்பிட்டுப் பார்க்கக் கைப்பேசியும் வேலை செய்யாது. அந்த நேரத்தில் ஒரு தாயின் மனம் எங்கே போகும் என்று நினைத்துப் பார். 'மேல்தளத்தில் இருக்கிறேன், ஆறு மணிக்கு வந்துவிடுவேன்' என்று ஒரு துண்டுச் சீட்டு எழுதித் தலையணையில் வைத்திருந்தால் போதும். ஆனால் உன் பக்கத்தில் ஒரு நியாயம் இருக்கிறது, அதை உன் அம்மாவிடம் நானே சொல்கிறேன்.

அம்மா, பதினைந்து வயதுப் பெண்ணைச் சிறுவர் அறைக்கும் அனுப்ப முடியாது, நள்ளிரவுக் கச்சேரிக்கும் அனுப்ப முடியாது. நான்கு பேர் படுத்தால் கால் வைக்க இடமில்லாத அறையில் அவளுக்கென்று ஒரு மூலைகூட இல்லை. நம் ஊர்த் தெருவில் அவளைத் தனியாக அனுப்ப ஆயிரம் முறை யோசிக்கிறோம். கப்பலோ எல்லை தெரிந்த இடம். பகலில் ஒன்றிரண்டு மணி நேரம் அவள் தனியாக நடந்து பழக நல்ல இடம். எந்தத் தளங்களுக்குப் போகலாம், எந்நேரத்துக்குத் திரும்ப வேண்டும் என்பதை முதல் நாளே பேசி வைத்துக்கொள்ளுங்கள். பிறர் அறைக்குள் போகக் கூடாது, கம்பித் தடுப்பின்மேல் ஏறக் கூடாது என்ற இரண்டிலும் விட்டுக்கொடுக்க வேண்டாம். ஆபத்து வந்தால் எங்கே கூட வேண்டும் என்று பயணத்தின் தொடக்கத்தில் பயிற்சி கொடுப்பார்கள் அல்லவா, ஏழு குறு ஒலியும் ஒரு நெடு ஒலியும்தான் அதற்கான அறிவிப்பு என்று சொல்லித் தருவார்களே, அந்த இடத்தையே உங்கள் குடும்பம் சந்திக்கும் இடமாக வைத்துக்கொண்டால் கைப்பேசி இல்லாத குறை தெரியாது. மற்றபடி, பலர் முன்னால் திட்டியதற்கு மகளிடம் ஒரு வார்த்தை வருத்தம் சொல்லிவிடுங்கள். அந்த வயதில் அந்த அவமானம் எளிதில் ஆறாது.

கடைசிக் கேள்விக்கு வருகிறேன், மகளே. நீ பார்த்தவர் துறைமுகத்தின் பைலட். கப்பலின் கேப்டன் எவ்வளவு அனுபவசாலியாக இருந்தாலும், ஒவ்வொரு துறைமுகத்தின் ஆழத்தையும் நீரோட்டத்தையும் திருப்பங்களையும் அங்கேயே நாள்தோறும் வேலை செய்பவர்தான் துல்லியமாக அறிவார். அதனால் அவர் படகில் வந்து ஏறி, கேப்டனுக்கு வழி சொல்லிக் கப்பலைத் துறைமுகத்துக்குள் கொண்டு சேர்க்கிறார். ஓடும் கப்பலுக்கும் ஓடும் படகுக்கும் நடுவே, இரண்டும் வெவ்வேறாக ஏறி இறங்கும்போது, அலை படகைத் தூக்கும் கணம் பார்த்து ஏணியில் கால் வைக்க வேண்டும். அந்த வேலையில் ஆபத்தான கணம் அதுதான். கப்பலில் இருந்த பலர் தூங்கிக்கொண்டிருந்தபோது நீ அதைப் பார்த்திருக்கிறாய்.

பெண்களும் இந்த வேலையைச் செய்கிறார்கள். கொல்கத்தாவின் ஹூக்ளி ஆற்றில் கப்பல்களுக்கு வழிகாட்டும் ரேஷ்மா நிலோஃபர் நம் சென்னைக்காரர். இந்தியாவின் முதல் பெண் கப்பல் பைலட்டான அவருக்கு 2019-ல் 'நாரி சக்தி' விருது வழங்கப்பட்டது. நீ கேட்காவிட்டாலும், பதினோராம் வகுப்பில் சேரப்போகிறவள் என்பதால் சொல்கிறேன்: கப்பல் படிப்புகளுக்குப் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் வேண்டும். இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்தின் தலைமையகம் உங்கள் ஊரிலேயேதான் இருக்கிறது.