வசனமே இல்லாத நடனக் குறும்படத்தில் சமூகப் பிரச்சினையைச் சொன்னால் பார்ப்பவர்களுக்குப் புரியுமா?

புரியும். நீங்கள் கேட்கும் விதத்தைப் பார்த்தால், "கடைசியில் நாலு வரி எழுத்துப் போட்டுவிடு, இல்லாவிட்டால் யாருக்கும் விளங்காது" என்று யாரோ உங்களைக் குழப்பியிருக்கிறார்கள் போல. எனக்கும் அதையேதான் சொன்னார்கள்.

துணிக்கடைகளில் நாள் முழுக்க உட்கார விடாமல் நிற்கவைக்கப்படும் பெண்களைப் பற்றிய ஒரு குறும்படத்துக்கு நான் நடனம் அமைத்தேன். தரையில் புரள்வது, வானத்தைப் பார்த்துக் கை நீட்டுவது, சிவப்புத் துணி, ஸ்லோ மோஷன் என்று குழுவில் வழக்கமான யோசனைகள்தான் வந்தன. அதெல்லாம் வேண்டாம் என்று, அந்த வேலை பார்க்கும் ஒருவரைக் கூடவே இருந்து கவனித்தோம். முகம் வாடிக்கையாளரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருக்கும். மேசைக்குக் கீழே ஒரு கால் செருப்பிலிருந்து நழுவி வெளியே வந்து, மற்றக் காலின் கெண்டைச் சதையை அழுத்தித் தேய்த்துவிட்டு, சத்தமில்லாமல் திரும்பச் செருப்புக்குள் போய்விடும். மணிக்கணக்கில் நின்றால் காலில் ரத்தம் தேங்கி வலிக்கும், நாளாக நாளாக நரம்பு புடைத்துச் சுருண்டுகொள்ளும், அதற்கு அவர் செய்துகொள்ளும் வைத்தியம் அது. அதையே தாளத்தில் வைத்தோம். முதலில் ஒருவர், அப்புறம் வரிசையாக எல்லோரும், இடுப்புக்கு மேலே அசையாத சிரிப்பு, கீழே பாதங்கள் படுகிற பாடு. மேடையில் செய்திருந்தால் மூன்றாவது வரிசைக்கே தெரிந்திருக்காது, கேமராவைத் தரையோடு வைத்ததால் தெரிந்தது.

எடிட்டிங்கையும் நடனமாகவே நினையுங்கள். 1945-இல் மாயா டெரன் என்ற இயக்குநர் எடுத்த ஒரு சில நிமிட மௌனப் படத்தில், டாலி பீட்டி என்ற நடனக் கலைஞர் காட்டில் தூக்கிய காலை ஒரு வீட்டு அறைக்குள் இறக்குவார், நடுவில் ஒரே ஒரு வெட்டுதான். நாங்கள் அதைத் திருப்பிப் போட்டோம். ஒரு பெண் உட்காரப் போய் முழங்கால் மடங்கும்போதே வெட்டு, அடுத்த ஷாட்டில் அவள் வேறொரு வாடிக்கையாளர் முன்னால் நின்று துணியை விரித்துக்கொண்டிருப்பாள். படம் முடியும்வரை யாருமே உட்காரவில்லை. நடனம் என்றாலே எழுந்து போய்விடும் ஒருவர் பார்த்துவிட்டு, "அந்தப் பொண்ணை ஒரு தடவையாவது உட்கார விட்டிருக்கலாமே" என்று எங்களிடம் சண்டைக்கு வந்தார். இதற்கு மேல் என்ன எழுத்து?

"ஒரு நடனத்தால் எல்லாம் மாறிவிடுமா" என்று சிலர் கீழே கமெண்டில் வருவீர்கள், தெரியும். மாறும் என்று நான் சொல்லவில்லை. சம்பளம், சட்டம், புள்ளிவிவரம் சொல்ல வேண்டுமென்றால் ஆவணப்படம் எடுங்கள், நடனத்துக்கு அது ஒத்துவராது. உடம்பிலேயே நடக்கிற பிரச்சினைக்கு ஒத்துவரும். ஸ்லோ மோஷனும் பாவமில்லை. பாதி வேகம் வேண்டுமென்றால் நொடிக்கு 48 ஃபிரேமில் எடுத்து 24-இல் ஓட்டுங்கள். 24-இல் எடுத்துவிட்டுப் பிறகு இழுத்தால் அசைவு திக்கித் திக்கி ஓடும், பார்ப்பவருக்கு வலி தெரியாது, கஞ்சத்தனம்தான் தெரியும்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், மனசு ஆறவில்லை. அந்தப் படத்தை ஒரு போட்டியில் திரையிட்டார்கள். அவர்கள் அச்சடித்த தாளில் இயக்குநர் பெயர், ஒளிப்பதிவாளர் பெயர் எல்லாம் இருந்தது. ஆடியவர்கள் மட்டும் "மற்றும் குழுவினர்". கேட்டதற்கு இடம் போதவில்லையாம். ட்ரோன் வாடகைக்குக் கொடுத்தவருக்கு மட்டும் ஒரு முழு வரி கொடுத்திருந்தார்கள். படத்தில் ட்ரோன் ஷாட்டே கிடையாது, எடுத்த ஒன்றையும் எடிட்டில் தூக்கிவிட்டோம்.