கையில் கட்டிய கணக்குப்பிள்ளை: ஃபிட்னஸ் பேண்ட் கேள்வி-பதில்

தீபாவளித் தள்ளுபடி முடிந்து இரண்டு வாரம் ஆனால் போதும், எனக்கு வரும் கேள்விகளில் பாதி கையில் கட்டும் பேண்டைப் பற்றித்தான் இருக்கும். வாங்கலாமா என்று கேட்பவர்கள் குறைவு. வாங்கிக் கட்டிய பிறகு, "இது சொல்வதை நம்பலாமா?" என்று கேட்பவர்களே அதிகம். இந்த முறை வந்தவற்றில் பலருக்கும் உதவக்கூடிய சில இங்கே.

கேள்வி: என் பட்ஜெட் மூவாயிரம். அந்த விலைக்கே பெரிய திரை வைத்த ஸ்மார்ட் வாட்சும் வருகிறது, ஒல்லியான பேண்டும் வருகிறது. எதை வாங்குவது? (கல்லூரி மாணவர், திருச்சி)

கையிலிருந்தே போன் பேச வேண்டும், நாலு பேர் பார்க்க வேண்டும் என்றால் வாட்ச். நடையையும் நாடித்துடிப்பையும் கவனிக்கத்தான் என்றால் பேண்ட். மூவாயிரம் ரூபாய்க்குள் திரை, ஸ்பீக்கர், மைக் எல்லாம் வைத்துவிட்டால் மிச்சம் இருக்கும் காசில்தானே தம்பி மற்றதைச் செய்வார்கள்?

இந்த விலையில் எதைப் பிரித்துப் பார்த்தாலும் முக்கியமாக இரண்டே கருவிகள்தான் இருக்கும். ஒன்று, கை எந்தப் பக்கம் எவ்வளவு வேகமாக அசைகிறது என்று பார்க்கும் முடுக்கமானி. இன்னொன்று, அடிப்பக்கம் பச்சையாக மினுங்கும் விளக்கு. பச்சை ஒளியை ரத்தம் நன்றாக உறிஞ்சும். ஒவ்வொரு துடிப்புக்கும் மணிக்கட்டில் ரத்தம் கூடிக் குறைவதால் திரும்பி வரும் ஒளியும் கூடிக் குறைகிறது. அதை எண்ணுவதுதான் நாடித்துடிப்பு. காலடி, தூரம், கலோரி, தூக்கம், 'ஸ்ட்ரெஸ்' எல்லாம் இந்த இரண்டையும் வைத்து மென்பொருள் போடும் கணக்கு. கணக்கு எவ்வளவு நன்றாகப் போடப்படுகிறது என்பதில்தான் வித்தியாசம். ஷாவ்மியின் முதல் மி பேண்ட் 2015இல் 999 ரூபாய்க்கு இங்கே வந்தபோது அதற்குத் திரையே கிடையாது, மூன்று சின்ன விளக்குகள்தான். நாடியும் பார்க்காது. அப்படி ஆண்டுக்கணக்காக ஒரே வேலையைச் செய்துவருகிற கம்பெனிகளின் பேண்டுக்கே என் ஓட்டு.

வாங்கும் முன் பேண்டை விட அதன் செயலியைப் பாருங்கள். கடைசியாக எப்போது புதுப்பித்தார்கள், போன் மாற்றினால் பழைய கணக்கு கூடவே வருமா, போனில் உடல்நலத் தகவலை ஒரே இடத்தில் சேர்த்துவைக்கும் கூகுளின் ஹெல்த் கனெக்டுக்கோ ஆப்பிள் ஹெல்த்துக்கோ தகவலை அனுப்புமா என்று விசாரியுங்கள். ஸ்ட்ராப் தனியாகக் கிடைக்குமா என்பதும் முக்கியம், பேண்டை விட அதுதான் முதலில் அறும். 'ஜி.பி.எஸ்.' என்று பெட்டியில் போட்டிருந்தால் அது பேண்டிலேயே இருக்கிறதா, உங்கள் போனிடம் கடன் வாங்குகிறதா என்று கேளுங்கள். இந்த விலையில் பெரும்பாலும் கடன்தான்.

நானும் ஏமாந்தவன்தான். 1,200 ரூபாய்க்கு ஒரு வாட்ச் வாங்கி, முதல் நாள் இரவு மேஜை மேல் கழற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் பார்த்தால் ஆறு மணி நேரம் ஆழ்ந்து தூங்கினேன் என்று பாராட்டியிருந்தது. மேஜை தூங்கியிருக்கிறது.

வாங்கியதும் ஒரு சோதனை செய்யலாம். உட்கார்ந்தபடி மணிக்கட்டில் விரல் வைத்து ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். பேண்ட் காட்டுவது நாலைந்து துடிப்புக்குள் இருந்தால் சரி. அப்புறம் இரண்டு மாடி ஏறிவிட்டுப் பாருங்கள். எண்ணிக்கை ஏறி, உட்கார்ந்ததும் மெல்ல இறங்க வேண்டும். அசையாமல் 78இலேயே நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேள்வி: வயது 67. பேண்ட் தினமும் 10,000 அடி நடக்கச் சொல்கிறது. எனக்கு 5,500 தாண்டுவதில்லை. ராத்திரி எட்டு மணிக்கு "இன்னும் 4,500" என்று அதிர்கிறது. மொட்டை மாடியில் சுற்றிச் சுற்றி நடந்து முழங்கால் வலி வந்ததுதான் மிச்சம். (ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்)

ஐயா, முதலில் மொட்டை மாடி நடையை நிறுத்துங்கள். அந்தப் பத்தாயிரம் எந்த மருத்துவரும் எழுதிக் கொடுத்தது கிடையாது. 1964இல் டோக்கியோ ஒலிம்பிக்ஸ் நடந்தது. அந்தச் சூட்டோடு சூடாக, 1965இல் யமாசா என்ற ஜப்பானிய நிறுவனம் இடுப்பில் மாட்டும் காலடி எண்ணி ஒன்றை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதன் பெயர் 'மான்போ-கெய்'. மான் என்றால் பத்தாயிரம், போ என்றால் அடி, கெய் என்றால் மானி. பொருளுக்கு வைத்த பெயர் அறுபது வருடம் கழித்து உங்கள் கையில் வந்து அதிர்கிறது.

சரி, எவ்வளவுதான் நடக்க வேண்டும்? ஹார்வர்டைச் சேர்ந்த ஐ-மின் லீ குழுவினர் சராசரியாக 72 வயதான சுமார் 16,700 பெண்களைக் கவனித்து 2019இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஒரு நாளைக்கு சுமார் 2,700 அடி நடந்தவர்களை விட 4,400 அடி நடந்தவர்களிடையே இறப்பு கணிசமாகக் குறைவு. சுமார் 7,500 வரை பலன் கூடிக்கொண்டே போய், பிறகு சமதளமாகிவிட்டது. இதில் ஒன்றைச் சொல்ல வேண்டும். உடம்பு முடியாதவர்கள் இயல்பாகவே குறைவாக நடப்பார்கள் என்பதால் எல்லாப் புகழையும் நடைக்கே கொடுத்துவிட முடியாது. 2025இல் லான்செட் பப்ளிக் ஹெல்த் இதழில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்களும் 7,000 அருகில்தான் வந்து நின்றார்கள். ஆக, நீங்கள் தோற்றுப்போன ஆள் இல்லை.

செயலியில் இலக்கை 6,000 என்று மாற்றுங்கள். முழங்கால் சொன்னபடி கேட்டால் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்நூறு கூட்டலாம். வலி தொடர்ந்தால் எண்ணிக்கையை மறந்துவிட்டு மருத்துவரிடம் போங்கள். உலக சுகாதார நிறுவனம் அடியைக் கணக்கு வைப்பதே இல்லை, வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்றுதான் சொல்கிறது. மிதம் என்றால்? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட மூச்சு போதக் கூடாது.

கேள்வி: சப்பாத்தி தேய்த்தால் எண்ணுகிறது. ஸ்கூட்டரில் மேடு பள்ளத்தில் போனால் எண்ணுகிறது. ஆனால் சூப்பர் மார்க்கெட்டில் வண்டி தள்ளிக்கொண்டு ஒரு மணி நேரம் சுற்றினால் முந்நூறுதான் காட்டுகிறது! (இல்லத்தரசி, கோவை)

அது உங்கள் காலைப் பார்ப்பதே இல்லை அம்மா, கையைத்தான் பார்க்கிறது. கை ஒரே தாளத்தில் ஆடினால் நடை என்று எழுதிக்கொள்ளும். வண்டியைப் பிடித்திருக்கும் கை ஆடாததால் நீங்கள் நிற்கிறீர்கள் என்று முடிவுகட்டிவிடும். நீங்கள் வலது கைக்காரர் என்றால் இடது கையில் கட்டுங்கள், எந்தக் கை என்று செயலியிலும் சொல்லிவிடுங்கள். சமையலறைக் கள்ளக் கணக்கு பாதி குறையும். கடைக்குள் போகும்போது கழற்றிப் பாண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொள்ளலாம். சேலை என்றால் வழியில்லை, அந்த முந்நூறோடு சமாதானம் ஆக வேண்டியதுதான்.

தூரத்திலும் இதே கதை. ஜி.பி.எஸ். இல்லாதபோது உங்கள் உயரத்தை வைத்து ஒரு காலடியின் நீளத்தைத் தோராயமாகப் போட்டுக்கொள்ளும். ஐந்தடி உயரமென்றால் ஒரு காலடிக்கு சுமார் 63 செ.மீ. திருவண்ணாமலை கிரிவலம் 14 கிலோமீட்டர், அந்தக் கணக்குப்படி 22,000 அடி வர வேண்டும். வெறுங்காலோடு கூட்டத்தில் சின்னச் சின்ன அடியாக வைத்து நடந்தால் அதைவிடக் கூடுதலாகவே வரும். பேண்டோ அடிகள் கூடியதைப் பார்த்துத் தூரத்தையும் கூட்டிச் சொல்லும். கோயில் நகராது, பேண்ட்தான் தப்பு. வீட்டுப் பக்கத்தில் 400 மீட்டர் ஓட்டப் பாதை உள்ள மைதானம் இருந்தால் உள்வட்டத்தில் ஐந்து சுற்று நடந்து பாருங்கள். சரியாக 2 கிலோமீட்டர். எவ்வளவு பிசகுகிறது என்று தெரிந்துவிடும்.

கேள்வி: அம்மாவுக்கு 62 வயது. 1,800 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்த வாட்ச் பி.பி., சுகர் எல்லாம் காட்டுகிறது. சுகர் 110 என்று காட்டுவதால் மாத்திரையைப் பாதியாக்கிக்கொண்டார். சரிதானா? (நாகர்கோவில்)

சரியே இல்லை. இந்தப் பதிலைக் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இன்றைக்கே ரத்தம் எடுத்துச் சுகர் பாருங்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த அளவுக்கே மாத்திரையைத் திருப்பச் சொல்லி, நடந்ததை அவரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்.

தோலில் ஊசி படாமல் தானாகவே சுகர் அளக்கும் எந்த வாட்சுக்கும் மோதிரத்துக்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் வெளிப்படையாகவே எச்சரித்தது. பெரிய பெரிய கம்பெனிகள் கோடிகளைக் கொட்டியும் கைகூடாத வேலையை 1,800 ரூபாய்க்குச் செய்கிறேன் என்று ஒருவன் சொன்னால் அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று யோசியுங்கள். மேல்கையில் ஒட்டிக்கொண்டு சுகரைத் தொடர்ந்து அளக்கும் சி.ஜி.எம். கருவி வேறு. அதில் மெல்லிய இழை ஒன்று தோலுக்குள் போய் அளக்கிறது. அந்த அளவைச் சில வாட்சுகள் வாங்கிக் காட்டும், அவ்வளவுதான்.

பி.பி.யும் அப்படியே. சாம்சங்கின் விலை உயர்ந்த வாட்சுகளில்கூட, கையில் பட்டை கட்டிக் காற்றடிக்கும் மெஷினில் பார்த்து 28 நாளைக்கு ஒருமுறை சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். எப்படியும் அந்த மெஷின் தேவை என்னும்போது முதலிலேயே அதை வாங்கிவிடலாம். மேல்கையில் கட்டுவதாகப் பாருங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்து, முதுகைச் சாய்த்து, கை இதயத்தின் உயரத்தில் இருக்கும்படி வைத்து எடுக்க வேண்டும். அந்த வாட்ச் இனி மணி பார்க்க மட்டும்.

கேள்வி: ஒரு மணி நேர நடைக்கு 420 கலோரி என்கிறது. அப்படியானால் ஞாயிற்றுக்கிழமை பிரியாணிக்கு லைசென்ஸ் உண்டா? (திண்டுக்கல்)

திண்டுக்கல்லில் இருந்துகொண்டு இதற்கெல்லாம் லைசென்ஸ் கேட்கிறீர்களே. சாப்பிடுங்கள், ஆனால் அந்த 420ஐக் காட்டிச் சாப்பிடாதீர்கள். 2017இல் ஸ்டான்ஃபோர்டில் ஏழு கருவிகளைச் சோதித்தார்கள். நாடித்துடிப்பில் ஆறு கருவிகள் ஐந்து சதவீதத்துக்குள் பிழையோடு தேறின. கலோரியில் இருப்பதிலேயே நல்லது 27 சதவீதம் தவறியது, மோசமானது 93 சதவீதம். சும்மா உட்கார்ந்திருந்தாலும் உடம்பு எரிக்கும் கலோரியைச் சில செயலிகள் சேர்த்தே காட்டும் என்பதையும் கவனியுங்கள்.

கேள்வி: நைட் ஷிஃப்ட் வேலை. பகலில் ஏழு மணி நேரம் தூங்கினாலும் "தூக்கம் போதவில்லை, மதிப்பெண் 41" என்கிறது. பார்த்ததும் மனசு கெட்டுவிடுகிறது. (சென்னை)

பல பேண்டுகள் இரவில் தூங்குபவரை மனதில் வைத்தே கணக்குப் போடுகின்றன. பகல் தூக்கத்தைக் குட்டித் தூக்கம் என்று ஓரமாக எழுதும், சில எழுதவே எழுதாது. செயலியில் தூங்கும் நேரத்தை மாற்றும் வசதி இருந்தால் மாற்றிப் பாருங்கள். ஆழ்ந்த தூக்கம், கனவுத் தூக்கம் என்று பிரிப்பதை ரொம்ப நம்ப வேண்டாம். அதைச் சரியாகச் சொல்ல மருத்துவமனையில் தலையில் மின்முனைகள் ஒட்டி மூளை அலைகளைப் பார்க்க வேண்டும். பேண்டுக்குத் தெரிந்ததெல்லாம் கை அசையவில்லை, நாடி மெதுவானது என்பதுதான். அசையாமல் படம் பார்த்தால்கூடத் தூக்கம் என்று எழுதிவிடும்.

மதிப்பெண்ணைப் பார்த்தே தூக்கம் கெடுவதற்கு 2017இலேயே மருத்துவர்கள் 'ஆர்த்தோசோம்னியா' என்று பெயர் வைத்துவிட்டார்கள். ஒரு மாதம் தூங்கும்போது கழற்றி வையுங்கள். ஆனால் குறட்டையும் பகலில் அடக்க முடியாத அசதியும் இருந்தால் அது பேண்ட் விஷயமில்லை, மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: மெதுவாகத்தான் நடக்கிறேன், நாடி 165 காட்டுகிறது. பயமாக இருக்கிறது. (சேலம்)

நின்று, விரல் வைத்து எண்ணுங்கள். உண்மையிலேயே அந்த வேகம் என்றாலோ, தாறுமாறாக அடித்தாலோ, நெஞ்சு வலி, மயக்கம் இருந்தாலோ உடனே மருத்துவமனை. எண்ணிப் பார்த்தால் 105தான் என்றால் பேண்ட் ஏமாந்திருக்கிறது. தளர்வாகக் கட்டினால் அது கையோடு சேர்ந்து குலுங்கி, ரத்தத்தின் தாளத்தை விட்டுக் காலடியின் தாளத்தைப் பிடித்துக்கொள்ளும். மணிக்கட்டு எலும்புக்கு ஒரு விரல் மேலே, நடக்கும்போது மட்டும் ஒரு துளை இறுக்கிக் கட்டுங்கள். கட்டும் இடத்தில் பச்சை குத்தியிருந்தால் மை ஒளியைத் தடுக்கும், மறு கைக்கு மாற்றுங்கள். பி.பி.க்காக பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவர்களுக்கு எவ்வளவு நடந்தாலும் நாடி அதிகம் ஏறாது. நாடி வேகத்தை வைத்துச் செயலி காட்டும் 'கொழுப்பு எரியும் மண்டலம்' அவர்களுக்குப் பொருந்தாது.

கேள்வி: ஸ்ட்ராப் கட்டிய இடத்தில் அரிப்பு, சிவப்பு. (தூத்துக்குடி)

நம் ஊர் வியர்வையும் அடியில் தங்கும் சோப்பும்தான் பெரும்பாலும் காரணம். குளிக்கும்போது கழற்றுங்கள், ஸ்ட்ராப்பையும் மணிக்கட்டையும் நன்றாகத் துடைத்து உலர்ந்த பிறகே கட்டுங்கள். ஒரு வாரம் கட்டாமல் இருந்தும் ஆறவில்லை என்றால் ஒவ்வாமையாக இருக்கலாம், தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். 2014இல் ஃபிட்பிட் தன் 'ஃபோர்ஸ்' பேண்டையே தோல் எரிச்சல் புகாரால் திரும்பப் பெற்றது, எனவே உங்கள் தோலைக் குறை சொல்லாதீர்கள்.

கேள்வி: 50 மீட்டர் ஆழம் வரை தாங்கும் என்று போட்டிருக்கிறது. குற்றாலத்தில் கட்டிக்கொண்டு குளிக்கலாமா? (ராஜபாளையம்)

50 மீட்டர் என்றோ '5 ஏ.டி.எம்.' என்றோ போட்டிருப்பது, அசையாத நீரில் 50 மீட்டர் ஆழத்துக்குரிய அழுத்தத்தைத் தாங்கும் என்று சோதித்த கணக்கு. குளத்தில் நீந்தலாம். மேலிருந்து அறையும் அருவிக்கு அந்தக் கணக்கு தெரியாது. அறையிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

கேள்வி: சார்ஜ் 14 நாள் நிற்கும் என்றார்கள், ஐந்தாம் நாளே படுத்துவிடுகிறது. இப்போது சார்ஜும் சரியாக ஏறவில்லை. (வேலூர்)

அந்த 14 நாள் பாதி வசதிகளை அணைத்து வைத்துச் சொல்வது. திரை எப்போதும் எரிவதை நிறுத்துங்கள், நாடி பார்ப்பதை நிமிடத்துக்கு ஒன்றிலிருந்து பத்து நிமிடத்துக்கு ஒன்றாக்குங்கள், எல்லா வாட்சப் குழுவுக்கும் அதிர வேண்டியதில்லை. ஏழெட்டு நாள் வரும். சார்ஜ் ஏறாததற்கு, பின்பக்கம் உள்ள உலோகப் புள்ளிகளில் வியர்வை உப்பு படிந்திருக்கும். காய்ந்த டூத் பிரஷால் மெதுவாகத் தேய்த்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள்.