ஒரு மாசக் கோழிக்குஞ்சு, எச்சத்தில ரத்தம்: குளிர் காரணமில்ல

குளிர் எண்டு நினைச்சுக் கூட்டுக்குள்ள பல்ப் போட்டுப் பலனில்ல. இண்டைக்கே ரத்தக்கழிச்சலுக்குக் குடுக்கிற அம்ப்ரோலியம் மருந்தை வாங்கித் தண்ணியில கலந்து குடுங்க. மழை தொடங்கி ஒரு கிழமையில 12 குஞ்சில 4 செத்தது, எச்சம் ரத்தமா போகுது எண்டு எழுதியிருக்கிறீங்க. ஒரு மாசக் குஞ்சுக்கு இறகு வந்திருக்கும். உங்கட களுவாஞ்சிக்குடியில மாரி இரவு 23 பாகை அளவுதான், அது கொல்லாது.

இது பெரும்பாலும் ரத்தக்கழிச்சல் (கொக்சிடியோசிஸ்), குடலைத் தாக்கிற கிருமி நோய். எச்சத்தோட வாற கிருமி முட்டை, ஈரமும் சூடும் கிடைச்சா ரெண்டு நாளுக்குள்ள தொற்றுற பருவத்துக்கு வந்திரும். குஞ்சு கிளறித் தின்னும். மூண்டு கிழமையில இருந்து ஆறு கிழமை வரைதான் கூட அடிக்கும்.

கூட்டு உமியை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பொத்துங்க. கை விரிச்சதும் உதிர்ந்தா நல்லம். கட்டியா நிண்டா முழுக்க அள்ளி எறிஞ்சு, காஞ்ச உமி நாலு விரல்கடை போடுங்க. தண்ணிக் கோப்பையைச் செங்கல்லில உயர்த்தி வைங்க, ஈரம் அங்கதான் தொடங்கும். எங்கட வளவில அந்த இடத்து உமி மட்டும் சேறாக் கிடந்தது. அதைக் காணாம ஆறு குஞ்சைப் பறிகுடுத்தன், இப்பவும் மனசு ஆறல்ல.

மருந்து குடுக்கிற நாளில பி விற்றமின் டொனிக் குடுக்காதீங்க, பி1 இந்த மருந்தை வேலை செய்ய விடாது. அளவு மருந்துப் பக்கெட்டில எழுதியிருக்கிறபடி. வேற தண்ணி வைக்கவும் வேணாம்.

எச்சம் பச்சையாப் போய், கழுத்துத் திருகி, வாயைத் திறந்து மூச்சு வாங்கினா அது ராணிக்கெட் எண்ட வைரஸ் நோயா இருக்கலாம். அதுக்கு இந்த மருந்து கேக்காது. செத்த குஞ்சை அண்டைக்கே மிருக வைத்தியரிட்டக் கொண்டுபோய்க் காட்டுங்க.