மாயாவியை இப்போது எழுதுவது யார்?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

பள்ளி நாட்களில் ராணி காமிக்ஸில் முகமூடி வீரர் மாயாவியைப் படித்து வளர்ந்தவன் நான். அவரைப் படைத்த லீ ஃபாக் 1999-இலேயே இறந்துவிட்டார் என்று அண்மையில்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் புதிய கதைகள் இன்னும் வருகின்றனவாம். இறந்தவரின் கதையை இன்னொருவர் எழுதிக்கொண்டே போவது வாசகனை ஏமாற்றுவது இல்லையா?

க., திருநெல்வேலி

அன்புள்ள க.,

இந்தக் கேள்வியை மாயாவியை வைத்துக் கேட்டிருப்பதுதான் வேடிக்கை. கதைப்படி அவரே 21-ஆவது ஆள். அப்பா செத்தால் மகன் அதே முகமூடியை மாட்டிக்கொள்வான். ஊரெல்லாம் சாவில்லாத ஒரே மனிதன் என்று நம்பும். 1936-இல் அமெரிக்கப் பத்திரிகைகளில் ஆரம்பித்த அந்தச் சித்திரத் தொடரும் அப்படித்தான் ஓடியது. முதலில் வரைந்தவர் ரே மூர், பிறகு வில்சன் மெக்காய், 1961 முதல் 30 ஆண்டுகளுக்கு மேல் சை பாரி. ஃபாக் உயிரோடு இருந்தபோதே முகமூடிக்குப் பின்னால் கைகள் மாறிக்கொண்டுதான் இருந்தன.

ஏமாற்று என்று சொல்லமாட்டேன். சொத்து யாருடையது என்பதுதான் விஷயம். அமெரிக்காவில் பெரும்பாலான தொடர்கள் வரைபவருக்குச் சொந்தமாக இருந்ததில்லை. பல பத்திரிகைகளுக்கு விற்றுக் கொடுக்கும் சிண்டிகேட்டோ, பத்திரிகை முதலாளியோதான் உடைமையாளர். ருடால்ஃப் டிர்க்ஸ் என்பவர் 1897-இல் ஹெர்ஸ்ட் என்ற பத்திரிகை முதலாளியின் பத்திரிகையில் 'காட்ஸென்ஜாமர் கிட்ஸ்' என்று இரண்டு வால் பையன்களின் கதையைத் தொடங்கினார். 1912-இல் கொஞ்ச காலம் ஐரோப்பா போய் ஓவியம் தீட்டலாம் என்று கிளம்பியபோது தகராறு மூண்டு, வழக்கு நீதிமன்றம் போனது. தீர்ப்பு என்ன தெரியுமா? தலைப்பு ஹெர்ஸ்டுக்கு, பாத்திரங்களை வேறு பெயரில் வரையும் உரிமை டிர்க்ஸுக்கு. அப்புறம் பல பத்தாண்டுகள் அதே பையன்கள் இரண்டு போட்டிப் பத்திரிகைக் குழுமங்களில், இரண்டு பேர் கையில், ஒரே நேரத்தில் குறும்பு செய்துகொண்டிருந்தார்கள். பாகப்பிரிவினையில் பிள்ளைகளையே ஆளுக்கொரு பிரதி எடுத்துக்கொண்ட மாதிரி.

இதற்கு நேர் எதிர் சார்லஸ் ஷூல்ஸ். 1950 அக்டோபரில் 7 பத்திரிகைகளில் தொடங்கிய 'பீனட்ஸ்' தொடரை உதவியாளர் யாருமின்றி ஏறக்குறைய 50 ஆண்டுகள் தானே வரைந்தார். மொத்தம் 17,897 ஸ்ட்ரிப்கள், அதாவது ஒரு நாளுக்கான சித்திரக் கட்டங்கள். அவருக்குப் பின் வேறு யாரும் வரையவில்லை. இன்று பத்திரிகைகளில் வருவதெல்லாம் பழையவற்றின் மறுபதிப்பு. கடைசி ஞாயிறு ஸ்ட்ரிப் அச்சாகி வெளிவந்தது 2000 பிப்ரவரி 13. அதற்கு முந்தைய இரவு அவர் இறந்துபோனார். கதையில் எழுதினால் நம்பமாட்டோம்.

ஷூல்ஸ் செய்ததுதான் நியாயம் என்று வெகுநாள் நினைத்திருந்தேன். அந்த எண்ணத்தைக் குலைத்தது ஃபிராங்க் கிங்கின் 'காஸொலீன் ஆலி'. 1918-இல் சிகாகோ ட்ரிப்யூனில், சந்தில் நின்று கார் அரட்டை அடிக்கும் ஆண்களின் கேலிச்சித்திரமாக ஆரம்பித்தது. பெண் வாசகர்களும் வேண்டும், ஒரு குழந்தையைக் கொண்டுவா என்றார் முதலாளி. கதாநாயகன் வால்ட்டோ கல்யாணமாகாதவர், பருத்த உடம்புக்காரர். குழந்தைக்கு எங்கே போவது? 1921 பிப்ரவரி 14 காலையில் அவர் வாசற்படியில் ஒரு கூடை, உள்ளே ஒரு குழந்தை. ஸ்கீஸிக்ஸ் என்று பெயர் வைத்தார்கள்.

அந்தக் குழந்தை வளர்ந்துவிட்டது! மற்ற ஸ்ட்ரிப்களில் எட்டு வயதுப் பையன் எத்தனை வருஷமானாலும் எட்டு வயதிலேயே நிற்பான். ஸ்கீஸிக்ஸுக்கு நம்மைப் போலவே வயது ஏறியது. நடை பழகினான், பள்ளிக்குப் போனான், இரண்டாம் உலகப் போருக்குப் போனான், மணம் முடித்தான். வால்ட்டும் 1926-இல் ஃபிலிஸைக் கட்டிக்கொண்டார். பெரிய சம்பவம் எதுவுமே கிடையாது. இலை உதிரும் காலத்தில் இருவரும் நடக்கப் போவார்கள், அவ்வளவுதான் அன்றைய ஞாயிற்றுக்கிழமை முழுப்பக்கமும்.

கிங் 1969-இல் இறந்தார். நிஜ வயதில் மூப்படையும் மனிதர்களை அவரோடு நிறுத்திவிட முடியுமா? ஏற்கெனவே உதவியாளராக இருந்த டிக் மூர்ஸ் அதைத் தொடர்ந்து வரைந்துவந்தார். அவர் போனபின் 1986-இல் அவருடைய உதவியாளர் ஜிம் ஸ்கான்கரெல்லி வந்தார். இங்கே கை மாறியது எனக்கு வியாபாரமாகத் தோன்றவில்லை. ஒரு குடும்பத்தை மூன்று பேர் முறைவைத்துப் பார்த்துக்கொண்டது போலத்தான் இருக்கிறது.

ஒரு குறையும் சொல்லவேண்டும். ஃபிலிஸ் 2004-இல் கதைக்குள் இறந்தார். வால்ட்டைச் சாகவிட ஸ்கான்கரெல்லிக்கு மனம் வரவில்லை. நூறு வயது தாண்டியும் நாற்காலியில் உட்கார்ந்தே இருக்கிறார். கணக்கு அங்கே உடைகிறது. நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன் என்று நினைக்கிறேன்.

தொகுதிகள் கிடைத்தால் 1921-இலிருந்து ஆரம்பியுங்கள். அதற்கு முந்தைய கார் அரட்டையைத் தாராளமாகத் தாண்டிவிடலாம்.

அன்புடன்.